12, 18, 24, 30, 36, 42... அடுத்து ஏன் 52?

கேள்வி இது: "அடுத்தடுத்த பகா எண்களை இரண்டிரண்டாகக் கூட்டிப் பார்த்தேன். 5, 8, 12, 18, 24, 30, 36, 42 என்று வந்தது. 12-இலிருந்து ஆறு ஆறாக ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்தது 48 வர வேண்டும், ஆனால் 52 வந்து நிற்கிறது. ஏன்? இப்படிக் கூட்டியும் கழித்தும் உண்டாக்கும் வரிசைகளில் உண்மையான கணிதம் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் பொழுதுபோக்குதானா?"

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்கள் 52-இலிருந்தே ஆரம்பிக்கலாம்.

3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணும் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ ஒன்று பின்னாலோதான் இருக்க முடியும். மற்ற இடங்களை எல்லாம் 2-ம் 3-ம் அடைத்துக்கொள்கின்றன. மிஞ்சிய இடங்களை எழுதிப் பாருங்கள்: 5, 7, 11, 13, 17, 19, 23, 25, 29, 31, 35... இதில் 5 முதல் 23 வரை ஒன்றுவிடாமல் அத்தனையும் பகா எண்கள். இடைவெளிகள் 2, 4, 2, 4 என்று மாறி மாறி வருகின்றன. இப்போது 11+13 என்ற கூட்டுத்தொகையிலிருந்து 13+17-க்குப் போகிறீர்கள். 13 இரண்டிலும் இருக்கிறது. 11 போய் 17 வந்திருக்கிறது. ஆக ஏறியது 17−11, அதாவது 6. ஒவ்வொரு படியிலும் இரண்டு இடைவெளிகளின் கூட்டுத்தொகைதான் ஏறும். இங்கே அது 2+4 அல்லது 4+2.

அடுத்து வரும் இடம் 25. அது 5×5. அது மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் 23+25=48 என்று நீங்கள் எதிர்பார்த்ததே வந்திருக்கும். அது விலகிக்கொண்டதால் 23-க்கு அடுத்து 29 வருகிறது, கூட்டினால் 52. உங்கள் வரிசை ஒழுங்காக ஏறியதற்கு 2-ம் 3-ம் காரணம், அது உடைந்ததற்கு 5 காரணம்.

இந்த மாதிரி வரிசை எது கண்ணில் பட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பண்பு வருவதற்குப் பகா எண்களின் எந்தக் குணம் தேவைப்பட்டது? 2-ஆலும் 3-ஆலும் வகுபடாது என்பது மட்டும் போதுமா? 'அடுத்தடுத்து' என்ற நிபந்தனை வேண்டுமா? அல்லது பகா எண்கள் எண்கோட்டில் பரவிக்கிடக்கும் விதமே வேண்டுமா? இதைக் கேட்டுவிட்டால் எது எளிதில் விளங்கும், எது ஆழமானது என்று பிரித்துவிடலாம்.

முதலில் எளிதானது ஒன்று. 3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணையும் வர்க்கப்படுத்தி 24-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 25, 49, 121, 169, எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். அதனால் இரண்டு பகா எண்களின் வர்க்கங்களைக் கழித்தால் 24-இன் மடங்கு கிடைக்கும். வர்க்கங்களின் வித்தியாசம் என்பது கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கி வருவதுதானே? 23, 29 என்றால் கூட்டுத்தொகை 52, வித்தியாசம் 6, பெருக்கினால் 312, அது 24×13. 31, 37 என்றால் 68×6=408, அது 24×17.

இங்கே பகா எண்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பகா எண்ணாகக்கூட இருக்க வேண்டாம், 25-ம் 35-ம் போட்டாலும் இது நடக்கும். ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு துணைச் செய்தி நமக்கு ரொம்பப் பயன்படும்: கூட்டுத்தொகை, வித்தியாசம் இரண்டில் சரியாக ஒன்றுதான் 3-ஆல் வகுபடும். 3-ஆல் வகுக்க இரண்டு எண்களுக்கும் ஒரே மீதி வந்தால் வித்தியாசம் வகுபடும். ஒன்றுக்கு 1, மற்றதற்கு 2 என்று வந்தால் கூட்டுத்தொகை வகுபடும். வேறு வாய்ப்பே கிடையாது. கூட்டல் வரிசையையும் கழித்தல் வரிசையையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிடச் சேர்த்துவைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து, 'அடுத்தடுத்து' என்ற சொல் வேலை செய்யும் இடம். 3-இலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையைப் பாதியாக்குங்கள்: 4, 6, 9, 12, 15, 18, 21, 26, 30, 34, 39, 42... இதில் ஒரு பகா எண்கூட ஒருபோதும் வராது. காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பாதி என்பது இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும் எண். அந்த இரண்டும் அடுத்தடுத்த பகா எண்கள் என்பதால் நடுவில் வேறு பகா எண் இருக்க முடியாது. எனவே கூட்டுத்தொகை எப்போதும் 2 × ஒரு பகு எண், அதாவது குறைந்தது மூன்று பகாக் காரணிகள் கொண்டது. 10, 14, 22, 26, 34 போன்றவை உங்கள் வரிசையில் தலைகாட்டவே முடியாது என்பது கணக்குப் போடாமலேயே தெரிந்துவிடுகிறது.

இனி விஷயம் சூடுபிடிக்கிறது. உங்கள் கூட்டல் வரிசையில் எத்தனை உறுப்புகள் 6-ஆல் வகுபடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். (5, 7) தொடங்கி (89, 97) வரை 22 ஜோடிகள். இடைவெளிகள் இப்படி:

2, 4, 2, 4, 2, 4, 6, 2, 6, 4, 2, 4, 6, 6, 2, 6, 4, 2, 6, 4, 6, 8

இதில் 3-ஆல் வகுபடும் இடைவெளிகள் ஏழு. மற்ற 15 ஜோடிகளில் கூட்டுத்தொகை 6-இன் மடங்கு. பகா எண்களில் 3-ஆல் வகுக்க மீதி 1 வருபவையும் மீதி 2 வருபவையும் ஏறக்குறைய சரிபாதி என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே நிரூபிக்கப்பட்டது. அப்படியானால் அடுத்தடுத்த இரண்டின் மீதிகள் ஒன்றாக இருப்பதும் வேறாக இருப்பதும் பாதிக்குப் பாதி வர வேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 22-க்கு 15 என்பது சிறிய எண்களில் வரும் தற்செயல் என்று தள்ளிவிடத் தோன்றும்.

தற்செயல் இல்லை. 2016-இல் ராபர்ட் லெம்கே ஆலிவரும் கண்ணன் சௌந்தரராஜனும் வெளியிட்ட ஆய்வின் தொடக்கத்திலேயே இதற்கான கணக்கு இருக்கிறது. சௌந்தரராஜன் சென்னையில் பிறந்து வளர்ந்தவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 3-ஐவிடப் பெரிய முதல் பத்து லட்சம் பகா எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்ததோடு சேர்த்துப் பார்த்தால், மீதி (1, 1) என்று வருபவை 2,15,873. (2, 2) என்று வருபவை 2,16,213. (1, 2), (2, 1) என்று வருபவை தலா 2,83,957. ஆக பத்து லட்சம் ஜோடிகளில் 5,67,914 ஜோடிகளின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடுகிறது. ஏறக்குறைய 57 சதவீதம். பாதியைவிட இவ்வளவு விலகல் நாணயம் சுண்டிப் பார்ப்பதில் வரவே வராது.

ஏன் இப்படி? மேலோட்டமான காரணம் கையால் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. மீதி 1 தரும் பகா எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 31. இரண்டு தள்ளி 33, அது 3-ஆல் வகுபடும். நான்கு தள்ளி 35, அதன் மீதி 2. ஆறு தள்ளி 37, அதன் மீதி 1. வேறு மீதி தரும் எண்ணுக்குத்தான் முதல் வாய்ப்பு வருகிறது. அது பகா எண்ணாகிவிட்டால் பின்னால் நிற்பதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது. 31-இன் விஷயத்தில் 35 தவறியதால் 37-க்குக் கிடைத்தது. ஆனால் இந்தக் காரணம் முழுதாகப் போதாது. விலகல் இது சொல்வதைவிடப் பெரிது. பகா எண் ஜோடிகள் எவ்வளவு அடிக்கடி வரும் என்பது பற்றிக் கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் முன்வைத்த ஓர் ஊகத்தை எடுத்துக்கொண்டால் விலகலின் அளவு அப்படியே பொருந்துகிறது என்று காட்டியதுதான் அந்த ஆய்வின் சாதனை. எண்கள் பெரிதாகப் பெரிதாக விலகல் குறையும், ஆனால் மிக மிக மெதுவாக. கடைசி இலக்கத்திலும் இதே கதைதான்: முதல் பத்துக் கோடி பகா எண்களில், 1-இல் முடியும் பகா எண்ணுக்கு அடுத்தும் 1-இலேயே முடிவது ஏறக்குறைய 18.5 சதவீதம்தான். சாதாரணமாக 25 எதிர்பார்ப்போம்.

இவ்வளவு எளிய கணக்கு 2016 வரை யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. பள்ளி மாணவர் ஒருவர் காகிதத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் இது.

இதையே மூன்று மூன்றாகக் கூட்டி இன்னொரு விதத்திலும் பார்க்கலாம். 5+7+11-இலிருந்து ஆரம்பியுங்கள்:

23, 31, 41, 49, 59, 71, 83, 97, 109, 121, 131, 143, 159, 173...

எத்தனை பகா எண்கள் பாருங்கள்! 59 முதல் 109 வரை ஐந்தும் வரிசையாகப் பகா எண்கள். பகு எண்ணாக வருபவையும் 49, 121, 143 என்று 7, 11, 13-ஆல் ஆனவை. 3-இன் மடங்கு 159 வரை வரவே இல்லை. காரணம் பழையதுதான். மூன்று மீதிகளும் 1, 1, 1 அல்லது 2, 2, 2 என்று ஒன்றாக இருந்தால்தான் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடும். பகா எண்களோ மீதியை மாற்றிக்கொண்டே போக விரும்புகின்றன. 47, 53, 59 மூன்றும் மீதி 2 தருபவை. அங்கேதான் முதல்முறையாக 159 வந்து மாட்டுகிறது. இரட்டைப்படையாக இருக்க வழியில்லை, 3-ஆல் வகுபடுவதும் அபூர்வம் என்றால் பகா எண்கள் குவியாமல் என்ன செய்யும்? ஆனாலும் இந்த வரிசையில் பகா எண்கள் முடிவில்லாமல் வரும் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

கழித்தல் வரிசைக்கு வருவோம். இதைப் பற்றி எழுதப்பட்டிருப்பது ஏராளம், அதனால் வேகமாகப் போகிறேன். 113-க்கும் 127-க்கும் நடுவில் 14 இடைவெளி. 1327-க்கும் 1361-க்கும் நடுவில் 34. 31397-க்கும் 31469-க்கும் நடுவில் 72. இடைவெளி எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும் என்பது எளிதில் நிரூபணமாகும். சிறியதாகவே திரும்பத் திரும்ப வருமா என்பதுதான் கடினம். 2013-இல் யிடாங் ஜாங் 7 கோடிக்குள் அடங்கும் இடைவெளி முடிவில்லாமல் வரும் என்று நிரூபித்தார். அடுத்த ஓராண்டுக்குள் ஜேம்ஸ் மேனார்டு உள்ளிட்ட பலரின் உழைப்பால் அந்த 7 கோடி 246 ஆகச் சுருங்கியது. அதை 2 ஆக்கிவிட்டால் இரட்டைப் பகா எண்கள், அதாவது 11, 13 போல இரண்டு தள்ளி நிற்கும் ஜோடிகள், முடிவில்லாமல் வரும் என்ற ஊகம் நிரூபணமாகிவிடும்.

எந்த இடைவெளி அதிகம் முறை வருகிறது என்ற கேள்வி எனக்கு இன்னும் பிடித்தது. தொடக்கத்தில் 2-ம் 4-ம் முந்துகின்றன, கொஞ்ச தூரம் போனதும் 6 முன்னுக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. 6 என்பது 2×3 ஆனதால், 2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எண்ணோடு 6-ஐக் கூட்டினாலும் அது வகுபடாமலேயே இருக்கும், அதனால் கூடுதல் சலுகை. அதே காரணத்தால் 2×3×5 ஆன 30 ஒருநாள் 6-ஐ முந்த வேண்டும். ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ, மைக்கேல் ரூபின்ஸ்டீன், மாரெக் வுல்ஃப் மூவரும் 1999-இல் அதற்கான இடத்தைக் கணித்தார்கள்: 36 இலக்க எண்கள் இருக்கும் பகுதியில், ஏறக்குறைய 1.74-ஐ 10-இன் 35-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் இடத்தில். எந்தக் கணினியாலும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய் அங்கே சேர முடியாது. நாம் பார்க்கும் பட்டியல் முழுவதிலும் 6 ராஜாவாக இருக்கும், ஆனால் அது நிரந்தரம் இல்லை என்று நம்பக் கணிதம் காரணம் தருகிறது.

அப்புறம், கழித்தலை ஒருமுறையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்தால்? பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த வரிசையில் மறுபடியும் அதையே செய்யுங்கள்:

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31
1, 2, 2, 4, 2, 4, 2, 4, 6, 2
1, 0, 2, 2, 2, 2, 2, 2, 4
1, 2, 0, 0, 0, 0, 0, 2
1, 2, 0, 0, 0, 0, 2
1, 2, 0, 0, 0, 2
1, 2, 0, 0, 2
1, 2, 0, 2
1, 2, 2
1, 0
1

முதல் வரிசையை விட்டுவிட்டால் ஒவ்வொரு வரிசையும் 1-இல்தான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு நீட்டினாலும் இப்படியே இருக்கும் என்பதற்கு கில்பிரெத் ஊகம் என்று பெயர். நார்மன் கில்பிரெத் 1958-இல் இதைக் கவனித்தார். அவருக்கு முன்பே 1878-இல் பிரான்சின் பிரான்சுவா புரோத் இதைச் சொல்லி நிரூபணமும் தந்தார், ஆனால் அந்த நிரூபணம் தவறானது. 1993-இல் ஒட்லிஸ்கோ 10-இன் 13-ஆம் அடுக்கு வரையிலான பகா எண்களுக்குச் சரிபார்த்தார். அதாவது பத்து லட்சம் கோடி வரை. அத்தனை வரிசைகளையும் எழுதியா பார்த்தார் என்றால், இல்லை. அவர் பயன்படுத்திய உத்தியை மேலே உள்ள முக்கோணத்திலேயே பார்க்கலாம்.

நான்காம் வரிசையைப் பாருங்கள். முதலில் 1, அப்புறம் 0-ம் 2-ம் மட்டும். இப்படி ஒரு வரிசை அமைந்துவிட்டால் அடுத்த வரிசையும் 1-இல்தான் தொடங்கும், ஏனென்றால் 1-க்கும் 0-க்கும் வித்தியாசம் 1, 1-க்கும் 2-க்கும் வித்தியாசமும் 1. மற்ற இடங்களில் 0, 2 இரண்டுக்குள் கழித்தால் வருவதும் 0 அல்லது 2. ஆபத்து வர வேண்டுமென்றால் வலப்பக்கத்தில் எங்கோ இருக்கும் 4 அல்லது அதைவிடப் பெரிய எண் இடப்பக்கம் நகர்ந்து இரண்டாம் இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு வரிசைக்கு ஓர் இடத்துக்கு மேல் அதனால் நகர முடியாது. ஆகவே ஒரு வரிசையில் 1-க்கு அடுத்து 0-ம் 2-ம் பத்து லட்சம் இடங்களுக்குத் தொடர்ந்தால், அடுத்த பத்து லட்சம் வரிசைகளுக்குக் கவலையே இல்லை. சில நூறு வரிசைகளை மட்டும் கணக்கிட்டு அவ்வளவு தூரம் உத்தரவாதம் தர முடிந்தது இதனால்தான்.

நமது கேள்வியை இங்கே கேட்டால் பதில் கொஞ்சம் எதிர்பாராததாக இருக்கும். இந்தப் பண்புக்குப் பகா எண்களே தேவையா என்பது சந்தேகம். 2-இல் தொடங்கி, பிறகு ஒற்றைப்படை எண்களாக, இடைவெளிகள் மிகப் பெரிதாகாமல், ஒழுங்கான அமைப்பும் இல்லாமல் போகும் வரிசை எதுவானாலும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று பலரும் கருதுகிறார்கள். திரும்பத் திரும்பக் கழிப்பது பெரிய எண்களைத் தேய்த்துவிடுகிறது. அதை நிரூபிக்கும் வழிதான் இன்னும் கிடைக்கவில்லை.

இனி ஜோடி ஜோடியாகக் கூட்டாமல் தொடக்கத்திலிருந்து மொத்தமாகக் கூட்டிக்கொண்டே போவோம்: 2, 5, 10, 17, 28, 41, 58, 77, 100, 129, 160, 197... முதல் ஒன்பது பகா எண்களைக் கூட்டினால் சரியாக 100. இந்த வரிசையில் அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் எப்போதும் ஒரு வர்க்க எண் இருக்கும், அல்லது இரண்டாவது உறுப்பே வர்க்க எண்ணாக இருக்கும். 2-க்கும் 5-க்கும் நடுவில் 4. 5-க்கும் 10-க்கும் நடுவில் 9. 28-க்கும் 41-க்கும் நடுவில் 36. 58-க்கும் 77-க்கும் நடுவில் 64. இதன் நிரூபணத்தை ஒரு பத்தியில் தந்துவிட முடியும் என்பதால் தருகிறேன்.

அடுத்துக் கூட்டப்போகும் பகா எண் ப என்று வையுங்கள். இதுவரை கூட்டியவை ப-வைவிடச் சிறிய பகா எண்கள். 2-ஐத் தவிர எல்லாம் ஒற்றைப்படை. 1-இலிருந்து ப−2 வரையிலான எல்லா ஒற்றைப்படை எண்களையும் கூட்டினால்கூட (ப−1)/2-இன் வர்க்கம்தான் வரும். 1-க்குப் பதிலாக 2-ஐ வைத்தால் இன்னும் ஒன்று கூடும். ஆக இதுவரையிலான கூட்டுத்தொகை அந்த வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டியதைத் தாண்டாது. அது (ப+1)/2-இன் வர்க்கத்தைவிடக் கட்டாயம் சிறியது, ஏனென்றால் இரண்டு வர்க்கங்களுக்கும் வித்தியாசம் ப. எனவே கூட்டுத்தொகைக்குள் அடங்கும் மிகப் பெரிய வர்க்க எண் (ப−1)/2-இன் வர்க்கத்துக்கு மேல் போகாது. அங்கிருந்து அடுத்த வர்க்க எண்ணுக்குப் போக அதிகபட்சம் ப அடி எடுத்துவைத்தால் போதும். நாம் கூட்டப்போவதும் ப. வர்க்க எண்ணைத் தொடாமல் போக வழியே இல்லை. இங்கே பயன்பட்டது 'ஒற்றைப்படை' என்ற குணம் மட்டும்தான் என்பதைக் கவனித்தீர்களா?

மொத்தமாகக் கூட்டுவதையும் ஜோடியாகக் கூட்டுவதையும் சேர்த்தால் பொதுவான கேள்வி ஒன்று வரும்: ஓர் எண்ணை அடுத்தடுத்த பகா எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம்? எங்கிருந்தும் தொடங்கலாம், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், அந்த எண்ணே பகா எண்ணாக இருந்தால் அதையும் ஒரு விதமாக எண்ணலாம். 41-க்கு மூன்று விதம்: 41, 11+13+17, 2+3+5+7+11+13. 311-க்கு ஐந்து விதம்:

311
101+103+107
53+59+61+67+71
31+37+41+43+47+53+59
11+13+17+19+23+29+31+37+41+43+47

கையால் கூட்டிச் சரிபாருங்கள், மனதுக்கு நிறைவாக இருக்கும். எல்லாவற்றிலும் உறுப்புகளின் எண்ணிக்கை 1, 3, 5, 7, 11 என்று ஒற்றைப்படை. 311 ஒற்றைப்படை என்பதால் 2 சேராத எந்தக் கூட்டலிலும் அப்படித்தான் வரும்.

எல்லா எண்களுக்கும் சராசரி போட்டால் எத்தனை விதம் வரும்? லியோ மோசர் 1963-இல் இதற்கு விடை கண்டார்: 2-இன் இயல்மடக்கை, அதாவது 0.693. பகா எண்களைப் பற்றிய கேள்விக்கு இப்படி ஓர் எண் எங்கிருந்து வருகிறது? ஒரு பெரிய எல்லைக்குள் அடங்கும்படி க உறுப்புகளைக் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வோர் உறுப்பும் சுமாராக எல்லையை க-வால் வகுத்த அளவில் இருக்க வேண்டும். அதுவரை எத்தனை பகா எண்கள் உண்டோ, ஏறக்குறைய அத்தனை தொடக்கங்கள். இதை க = 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போனால், க-வால் ஏறக்குறைய எல்லையின் வர்க்கமூலத்துக்கு மேல் போக முடியாது, ஏனென்றால் முதல் க பகா எண்களின் கூட்டுத்தொகையே க-வின் வர்க்கத்தைத் தாண்டிவிடும். வர்க்கமூலம் என்றால் மடக்கையில் பாதி. அந்தப் 'பாதி'தான் கடைசியில் 2-இன் மடக்கையாக வெளியே வருகிறது. இந்த வாதத்துக்குப் பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்ற தேற்றம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. 2-ம் 3-ம் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது.

பின்னோக்கியும் போகலாம். எந்த வரிசையின் அடுத்தடுத்த உறுப்புகளைக் கூட்டினால் பகா எண்கள் வரும்? 2-இல் தொடங்கி, ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் முந்தைய விடையைக் கழித்துக்கொண்டே போங்கள்: 2, 1, 4, 3, 8, 5, 12, 7, 16, 13, 18, 19... 2+1=3, 1+4=5, 4+3=7, 3+8=11. உங்கள் கூட்டல் வரிசை பகா எண்களிலிருந்து ஒரு படி மேலே என்றால் இது ஒரு படி கீழே.

இந்த வரிசைகள் எல்லாவற்றுக்கும் விலாசம் உண்டு. நீல் ஸ்லோன் 1964-இல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது வரிசைகளை அட்டைகளில் எழுதிச் சேர்க்க ஆரம்பித்தார். 1973-இல் புத்தகமாக வந்தது, 1996-இல் இணையத்துக்கு வந்தது, இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் ஓஇஐஎஸ் (OEIS) என்ற அந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பகா எண்கள் ஏ000040, இடைவெளிகள் ஏ001223, உங்கள் ஜோடிக் கூட்டல் ஏ001043, மொத்தக் கூட்டல் ஏ007504, நடுவில் நிற்கும் எண்கள் ஏ024675. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று தோன்றினால் ஏழெட்டு உறுப்புகளை அங்கே தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால் அதன் கீழே மற்றவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் கிடைக்கும், அது இன்னும் லாபம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் பத்து லட்சம் வரை பார்ப்பது சில நொடி வேலை. ஆனால் முதல் நூறு வரையாவது கையால் எழுதுங்கள். 25 எங்கே குறுக்கிட்டது என்பது கையால் எழுதும்போதுதான் கண்ணில் படும்.

நீங்களே தொடர்ந்து பார்க்க ஒன்று தருகிறேன். உங்கள் கூட்டல் வரிசையில் வர்க்க எண்கள் எவை? 36=17+19, 100=47+53, 144=71+73, 576=283+293, 1764=881+883, 2304=1151+1153. இவற்றின் வர்க்கமூலங்கள் 6, 10, 12, 24, 42, 48. ஐந்து 6-ஆல் வகுபடுகின்றன, 10 மட்டும் தனியாக நிற்கிறது. கூட்டுத்தொகை, வித்தியாசம் இரண்டில் ஒன்றுதான் 3-ஆல் வகுபடும் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். வர்க்கமூலம் 6-ஆல் வகுபட்டால் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடும், வித்தியாசம் 2 ஆகவோ 10 ஆகவோ இருக்கலாம், வாய்ப்பு அதிகம். வகுபடாவிட்டால் வித்தியாசம் கட்டாயம் 6-இன் மடங்காக இருந்தாக வேண்டும். 47-க்கும் 53-க்கும் வித்தியாசம் 6. 100-க்குப் பிறகு இந்த வகையில் அடுத்து வருவது 62-இன் வர்க்கமான 3844. அது 1913+1931, வித்தியாசம் 18. இந்த வர்க்க எண்கள் முடிவில்லாமல் வருமா என்பது நிரூபிக்கப்படவில்லை.